சாட்சிக் குப்பி

ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியைக் கையில் வைத்திருக்கக் கூடாது. உள்ளங்கைச் சூடு பட்டால் அது அவசரப்பட்டு உருகிவிடும். அதனால் அவள் இரண்டு விரலால் அதன் கழுத்தைப் பிடித்து மேசைமேல் நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு வெள்ளைக் கட்டி. வெளிக்கண்ணாடியில் பூத்த பனி அங்கேயே நீராகி, ஒரு சொட்டு மேசைக்கு இறங்கியது.

காலை நேரம்தான். அதற்குள் வெயில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடும் அளவுக்கு ஏறியிருந்தது. அவள் இரவு சரியாகத் தூங்கவில்லை. தூங்காதது ஒரு நாள் சமாச்சாரமும் இல்லை. உடம்பில் எங்கோ ஒரு மூட்டையை இறக்கி வைக்காமலே பல மாதங்களாக நடக்கிற மாதிரி ஒரு அலுப்பு. இப்படி ஒரு பொருள் தானாக உருகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுகூட ஓய்வு மாதிரிதான் இருந்தது.

தடுப்பூசி மருந்துகளைக் காக்கும் இந்தக் குளிர் அறைக்கு அவள்தான் பொறுப்பு. சுகாதார அலுவலகம் முழுக்க அவளை ஸ்டோர் அக்கா என்றே கூப்பிடும், வயதில் பெரியவர்கள்கூட. மூன்று நாள் விடுமுறை முடிந்து நேற்று அவள் வந்து பெரிய குளிர்பெட்டியைத் திறந்தபோது, உள்ளே தொங்கும் சின்னக் கருவி பெருக்கல் குறி காட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் குளிர் உறைநிலைக்குக் கீழே போனால் அது அப்படிக் காட்டும். காட்டிவிட்டால் பிறகு மாறாது. விடியற்காலையில் மின்சாரம் போய் வந்திருந்ததால் வெப்பமானி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நல்ல பிள்ளையாக இருந்தது. குப்பிகளும் பார்க்க நீராகத்தான் இருந்தன. உறைந்து உருகினவையா, உறையாமலே தப்பியவையா, பார்வைக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரே வழி இந்தச் சாட்சி. அதே மருந்தில், அதே தயாரிப்பில், ஒரு குப்பியை எடுத்து வேண்டுமென்றே உறைய வைத்துக் கெடுக்க வேண்டும். பிறகு அதைத் தானாக உருகவிட்டு, சந்தேகப்பட்ட குப்பியோடு சேர்த்து ஒரே கையில் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கெட்டதில் வண்டல் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். நல்லதில் மேகம் மாதிரி நிற்கும். கெட்டுப்போனது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் மற்றதன் குணம் வெளியே வரும். அந்த ஒன்றைத்தான் இங்கே சாட்சிக் குப்பி என்பார்கள். நேற்று அதை ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்தியபோது அவளுக்குப் பாவமாக இருந்தது. அது என்ன செய்தது, பாவம், வரிசையில் முதலில் நின்றது.

நேற்றே பெரிய டாக்டரம்மா போனில் கேட்டார்.

"மெஷின் கோளாறுதானே அக்கா? அந்த மெக்கானிக் ஒழுங்கா பார்க்கிறதில்லைன்னு நினைக்கிறேன். போன வருஷமும் இதே கதைதானே?"

"தெரியல டாக்டர். டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்."

தெரியல என்றது பாதிப் பொய். விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டுக்குப் போகும் முன், குளிர்பெட்டியின் பின்னால் குனிந்து கையை விட்டு, அடியில் சுவரைப் பார்த்திருக்கும் குமிழை ஒரு சுற்று அதிகம் வைத்தது அவள்தான். எண் ஏற ஏறக் குளிர் கூடும். வெளியே காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் இருந்தது. மூன்று நாள் யாரும் இருக்கமாட்டார்கள். போன வருஷம் பட்டது நெஞ்சில் இருந்தது. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு குளிராது. பல வருஷம் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதன் குணம் தெரியும். அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

புரியாததை வைத்துக்கொண்டு தப்பிக்கலாம். மெஷின் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டரம்மாவே மீதியை முடித்துவிடுவார். மெக்கானிக்கை மாற்றுவார்கள். விஷயம் அதோடு போய்விடும்.

அந்த மெக்கானிக் அவளுடைய கணவன்.

அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. ஒப்பந்தக்காரர் முதன்முதலில் அவனை இங்கே அனுப்பியபோது, சொந்தக்காரனுக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு வரும் என்று இருவரும் சேர்ந்துதான் மறைத்தார்கள். அது அப்போது விளையாட்டாக இருந்தது. "மேடம், உங்க பெட்டி ரொம்ப சத்தம் போடுது, கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று எல்லார் முன்னாலும் முகத்தை வைத்துக்கொண்டு சொல்வான். அவள் சிரிப்பை அடக்க ஃபைலைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். வீட்டில் சாப்பிடும்போது, "மேடம், இன்னும் கொஞ்சம் போடுங்க" என்பான். மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

போன கோடையில் ஒரு மத்தியானம் பெட்டி நின்றுபோனது. அவள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஒரு ஐஸ்கிரீம் கடையில் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, போனை எங்கோ வைத்துவிட்டு, எடுக்கவில்லை. வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, மருந்தெல்லாம் சூடேறிவிட்டது. மறுநாள் கூட்டத்தில், புதிதாக வந்திருந்த டாக்டரம்மா கேட்டார், யார் அந்த மெக்கானிக், நம்பலாமா என்று. காலையிலிருந்து ஆளாளுக்குக் கேட்ட கேள்வியில் அவள் நைந்து போயிருந்தாள்.

"யாரோ ஒப்பந்தக்காரர் அனுப்புற ஆள் டாக்டர். எனக்கு அவ்வளவா தெரியாது."

சொல்லிவிட்டுத் திரும்பினால், கதவருகே கருவிப் பையோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

அன்று வீட்டில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அவ்வளவா தெரியாதா?"

அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். அலுப்பு முந்திக்கொண்டது. "போனை எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அதைச் சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. பாத்திரம் பறக்கவில்லை, கதவு அறையப்படவில்லை. பேச்சு கொஞ்சம் குறைந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். சூடு எப்படி ஒரு பாத்திரத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் இறங்குமோ அப்படி இறங்கியது. எந்த இடத்தில் அது உறைந்தது என்று இருவருக்கும் தெரியாது. கையை வைத்துப் பார்த்தபோது கட்டியாக இருந்தது.

இப்போது வீட்டில் பேச்செல்லாம் பெண் வழியாகத்தான்.

"வாண்டு, அம்மாகிட்ட கேஸ் தீரப்போகுதுன்னு சொல்லு."

"அப்பாகிட்ட, தெரியும்னு சொல்லு."

"நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கீங்க!" என்று வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துவாள். எட்டு வயசுக்கு வாய் காது வரைக்கும்.

போன வாரத்திலிருந்து அந்த வாண்டுக்கு வேறு ஒரு வேலையும் சேர்ந்துவிட்டது. பள்ளியில் அறிவியல் நாடகம். அதில் அவளுக்கு நீர் மூலக்கூறு வேஷம். நீலக் காகிதத்தில் கிரீடம், இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. கூடத்தில் ஒத்திகை நடக்கும். அவன் தரையில் உட்கார்ந்து பார்வையாளன்; அம்மா அடுப்படியிலிருந்து காது மட்டும் கொடுப்பாள்.

"ஆவியா இருக்கும்போது நாங்க ஸ்டேஜ் பூரா ஓடலாம்பா. யாரையும் பிடிக்கக் கூடாது. இடிச்சா திரும்பி ஓடணும். தண்ணியா இருக்கும்போது பக்கத்துல இருக்கவங்க கையைப் பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு, நழுவிக்கிட்டே போகணும்."

"ஐஸானா?"

"அதான் கஷ்டம். கையை நல்லா நீட்டிப் பிடிச்சுக்கிட்டு வட்டமா நிக்கணும். கிட்டயும் வரக்கூடாது, விடவும் கூடாது. நடுவுல இடம் காலியா இருக்கும். அதனால ஐஸுக்குத்தான் இடம் அதிகமா வேணுமாம். அப்புறம் சும்மா நின்னா டீச்சர் திட்டுறாங்க. நடுங்கிக்கிட்டே இருக்கணுமாம்."

"ஐஸே நடுங்குமா? நல்லா இருக்கே."

"எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளுக்குள்ள நடுங்குமாம்பா. வெளியே தெரியாதாம்."

அடுப்படியில் அவள் கரண்டியை ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு கிளறினாள்.

"தூசி வேஷம் போட்ட மூணு பேர்தான் பாவம்" என்று வாண்டு சொல்லிக்கொண்டே போனாள். "நாங்க ஐஸாகும்போது அவங்களுக்கு நடுவுல இடமே தரமாட்டோம். தள்ளித் தள்ளி மூலைக்கு அனுப்பிடுவோம். நேத்து நெருக்கின நெருக்கில அவங்க முள்ளு முள்ளா ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிச்சு. நாங்க உருகி தண்ணியாகி, ஜாலியா போயிட்டோம். அவங்க மூணு பேரும் பிரிக்கவே முடியாம அப்படியே கட்டியா நிக்கிறாங்க! டீச்சர் கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்தாங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை மென்று விழுங்கினாள்.

அந்தத் தூசிப் பிள்ளைகளைத்தான் இப்போது, மேசைமேல் உருகிக்கொண்டிருக்கும் குப்பியைப் பார்த்தபடி, அவள் நினைத்துக்கொண்டாள். இந்த மருந்திலும் அதுதான் நடக்கும். மருந்து, அலுமினிய உப்பின் மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு நீரில் தனித்தனியாக மிதக்கிறது. நீர் உறையும்போது தன் வரிசைக்குள் அவற்றுக்கு இடம் தருவதில்லை; ஓரத்துக்கு நெருக்கித் தள்ளும். நெருக்கத்தில் அவை கட்டியாகும். அப்புறம் பனி உருகி நீர் பழையபடி நீராகிவிடும். துகள்கள் பழையபடி ஆகாது.

கதவு திறந்தது. அவசர சிஸ்டர் தலையை நீட்டினாள். எப்போதும் ஓட்டமும் நடையுமாகவே இருப்பதால் அந்தப் பேர். அவளுக்கே அது தெரியும். தோளில் மருந்து எடுத்துப்போகும் குளிர்ப்பெட்டி தொங்கியது.

"அக்கா, ஆச்சா? அங்க தாய்மாருங்க குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல வந்து உட்கார்ந்தாச்சு."

"உருகட்டும்டி."

"ஒரு ஃபேனையாவது திருப்பி விடுங்களேன். இல்ல என் கையில குடுங்க, என் உடம்புச் சூட்டுக்கு ஒரு நிமிஷத்துல கொதிச்சிடும்."

"உன்னை மாதிரியே எல்லாத்தையும் ஓடச் சொல்லாதே. அது பாட்டுக்கு உருகணும்."

"உங்களுக்கு எப்படித்தான் பொறுமையோ. நானா இருந்தா இந்நேரம் அதை அடுப்புல வெச்சிருப்பேன்" என்றவள், யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினாள். "வாங்க சார். உங்க மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணிடுச்சு. உங்களுக்குத்தான் இன்னிக்கு அர்ச்சனை. டாக்டரம்மா வந்துக்கிட்டே இருக்காங்க." சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

மெக்கானிக் கருவிப் பையை மேசைக் காலடியில் இறக்கினான். காலையில் வீட்டில் உடுத்திய அதே நீலச் சட்டை. அதில் ஒரு பொத்தான் தைக்க வேண்டியிருப்பதை அவள் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியின் கதவைத் திறந்து, கதவு விளிம்பில் ஓடும் ரப்பரை விரலால் தடவிப் பார்த்தான்.

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு" என்று பெட்டியிடம் சொன்னான். "மாத்தினது நான்தானே."

அவள் குப்பியிடம் சொன்னாள். "மெஷின்ல ஒண்ணும் இல்லேன்னு மெஷினுக்கே தெரியும்."

"அப்போ ஏன் இப்படிக் குளிர்ந்துச்சு?"

"அதைத்தான் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

பெட்டியும் குப்பியும் வாய் திறக்கவில்லை. அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டான். நேற்று மருந்தையெல்லாம் பக்கத்து அறைச் சின்னப் பெட்டிக்கு மாற்றிய பிறகு அவள் அந்தக் குமிழைத் தொடவில்லை. தொட பயம். அது அவள் வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஆறு" என்றான் அவன், உள்ளிருந்து. குரல் மாறியிருந்தது. "ஆறுல இருக்கு."

"ஆறா? இருக்காதே. அஞ்சுலதான் இருக்கணும்."

வாய் தவறிவிட்டது. குப்பியிடம் இல்லை, அவனிடமே சொல்லிவிட்டாள். அவன் பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையை வெளியே எடுத்தான். நெற்றியில் ஒட்டடை.

"அஞ்சுலதான் இருக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் நாலுலதானே இருக்கும். நான் ஒரு சுத்து கூட வெச்சேன். லீவுக்குப் போகும்போது." அவள் குரல் தேய்ந்தது. "வெயிலைப் பார்த்துப் பயந்து வெச்சேன்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சுவரில் சாய்ந்து, டார்ச்சை அணைக்கக்கூட மறந்து.

"நானும் வெச்சேன்" என்றான்.

"என்ன?"

"அன்னிக்கு மத்தியானம் ரப்பர் மாத்த வந்தேனே. நீ மருந்து அனுப்புற இடத்துல நின்னுக்கிட்டு இருந்தே. நாலுலேர்ந்து அஞ்சுக்கு நான் வெச்சேன். போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாதுன்னு." கொஞ்சம் நிறுத்தி, "மறுபடியும் உன்னை நிக்க வெச்சுக் கேப்பாங்கன்னு" என்றான்.

அவள் பார்க்காமல்தான் திருப்பினாள். எண்கள் சுவரைப் பார்த்திருக்கும். குனிந்து கையை விட்டுத் தடவி ஒரு சத்தம் கேட்கும் வரைக்கும் திருப்புவதுதான் வழக்கம். நாலிலிருந்து அஞ்சு என்று நினைத்து அஞ்சிலிருந்து ஆறுக்குத் திருப்பியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அவன் வீட்டில்தான் இருந்தான். இவள் பரிமாறினாள். அவன் சாப்பிட்டான். ஒரே பெட்டியைப் பற்றி ஒரே பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வாண்டு ஐஸாக நின்று நடுங்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்து வெச்சவர் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"வெச்சவளும் சொல்லியிருக்கலாம்."

கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டும்.

மேசைமேல் சாட்சிக் குப்பி முழுக்க உருகியிருந்தது. கட்டி இருந்த அடையாளமே இல்லை. பார்த்தால் மற்ற எந்தக் குப்பிக்கும் அண்ணன் தம்பி என்றுதான் சொல்ல வேண்டும். அவள் எழுந்து பக்கத்து அறைப் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வந்தாள். இரண்டையும் ஒரே கையில் பிடித்தாள். குலுக்கினாள். சாட்சியின் கழுத்தில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள் மட்டும் இல்லையென்றால் எது எது என்று குழம்பிப்போகும்.

பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டிலும் வெள்ளை மேகம்.

அவன் எழுந்து வந்து மேசையின் மறுபக்கம் நின்றான். "எவ்வளவு நேரம்?"

"அரை மணி வரைக்கும் பார்க்கலாம். அசைக்கக் கூடாது. மேசைமேல சாயாதீங்க."

அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். "ங்க" போட்டு அவனிடம் நேராக ஒரு வாக்கியம் பேசிவிட்டோம் என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சாட்சியின் மேல்புறத்தில் ஒரு மயிரிழை தெளிந்தது. மற்றதில் இல்லை. தப்பித்ததா? அப்படியானால் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை நாலுக்குத் திருப்பி வைத்துவிட்டு, சிஸ்டரைக் கூப்பிட்டுக் குப்பிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, பழையபடி, வீட்டுக்குப் போய், பழையபடி. அந்தப் பழையபடியை நினைத்ததும் அவளுக்கு எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை.

"அதுலயும் இறங்குது" என்றான் அவன், மெதுவாக.

ஆமாம். சிவப்புத் தாள் இல்லாத குப்பியிலும் மேல்நீர் தெளிந்துகொண்டு வந்தது. வண்டல் செதில் செதிலாகக் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. கீழே சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு, மேலே வெறும் தெளிந்த நீர். அவள் இன்னொரு குப்பியை வேறு அடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே. இன்னொன்று. அதுவும்.

டாக்டரம்மா உள்ளே வந்தபோது மேசைமேல் குப்பிகள் வரிசையாக நின்றிருந்தன. பின்னாலேயே அவசர சிஸ்டர், காலிப் பெட்டியோடு. டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்தான். இந்தக் கட்டடத்தில் யார்தான் தூங்குகிறார்கள்.

"போச்சா?"

"போச்சு டாக்டர். இந்த மருந்து மொத்தமும் உறைஞ்சிருக்கு. போடக் கூடாது."

"புது மருந்து?"

"கேட்டிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வந்துடும்."

"சிஸ்டர், அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்க. நாளை மறுநாள் வரச் சொல்லுங்க." டாக்டரம்மா நிமிர்ந்து மெக்கானிக்கைப் பார்த்தார். "போன வருஷம் சூடு. இந்த வருஷம் குளிரு. ஏங்க, நடுவுல ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

அவன் பையின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டான். சொல்லமாட்டான். அவள் பேரைச் சொல்லாமல் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். போன வருஷத்துக்குப் பதிலாக அவன் அவளுக்குக் கொடுக்கப்போகிற தண்டனை அதுவாகத்தான் இருக்கும். அவளுக்கு அது கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தது. தான் சும்மா இருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

"மெஷின்ல கோளாறு இல்ல டாக்டர்" என்றாள். "குமிழை நான் ஒரு சுத்து கூட வெச்சேன். அது தெரியாம இவரும் ஒரு சுத்து வெச்சுட்டாரு. இல்ல, இவர் வெச்சது தெரியாம நான் வெச்சேன். ரெண்டும் சேர்ந்து போச்சு."

"இவருன்னா?"

"என் வீட்டுக்காரர்."



"அடப்பாவி!" என்றாள் அவசர சிஸ்டர். "இவரா? இத்தனை நாளா நான் இவர் காதுபட உங்க டீ நல்லா இல்லேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே அக்கா!"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "ஒரு வார்த்தை சொல்லிக்கலையா?"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, நடந்ததை இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டர் முதன்முறையாக மெல்ல நடந்து போனாள்.

குப்பிகளைச் சிவப்புப் பைகளில் கட்டுவதற்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று. கை கொடுக்க அவனும் நின்றான். பையின் வாயை அவன் விரித்துப் பிடிக்க, அவள் போட்டாள். கண்ணாடியும் கண்ணாடியும் இடிக்கும் சத்தம். வெளியே ஒரு குழந்தை வெயிலுக்கு அழுதுகொண்டே தாயின் தோளில் போனது. அந்த அழுகை தெருமுனை வரைக்கும் அவள் காதில் இருந்தது.

"எதுக்குச் சொன்னே?" என்றான் அவன், பையைப் பார்த்துக்கொண்டே. "நான் பார்த்துக்கிட்டிருப்பேன்ல."

"அதுக்குத்தான் சொன்னேன்."

"உனக்குத்தான் இப்ப தலைவலி. சொந்தக்காரன், அது இதுன்னு கிளப்புவாங்க."

"கிளப்பட்டும். தலைவலி எனக்குப் புதுசா?"

அவன் முகத்தில் நன்றியும் இல்லை, பழைய சிரிப்பும் இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். எதிர்பார்த்திருக்கிறாள் என்பது அது வராதபோதுதான் தெரிந்தது. கடைசியாகச் சாட்சிக் குப்பியை எடுத்தாள். பைக்குள் போடும் முன் ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள். மேகம் எழுந்தது, அப்போதே இறங்கத் தொடங்கியது.

சாயங்காலம் வீட்டில் வாண்டு நீலக் கிரீடத்தோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். மறுநாள் நாடகம். அவன் குளித்துவிட்டு வந்து அடுப்படி வாசலில் நின்றான். பழக்கம் விடவில்லை, பெண்ணைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தான்.

"வாண்டு, அம்மாகிட்ட…" நிறுத்தினான். அவள் பக்கம் திரும்பினான். "நாளைக்கு மருந்து மத்தியானம்தானே வருது? நான் காலையிலேயே வந்து குமிழை நாலுல வெச்சிடுறேன்."

"வைங்க." அவள் அடுப்பைக் குறைத்தாள். "வெச்சுட்டுச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"நானும் தொட்டா சொல்றேன்."

வாண்டு கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ என் வேலை போச்சா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னான். "இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாளைக்கு இரு. எங்களுக்கு இன்னும் சரியா வரல."

"சரி" என்று பெரிய மனது பண்ணினாள் அவள். பிறகு கைகளை நீட்டி, ஒன்றை அப்பாவிடமும் ஒன்றை அம்மாவிடமும் கொடுத்தாள். "பிடிங்க. ஐஸ் சீன் பார்க்கணும். கிட்ட வராதீங்க. விடவும் கூடாது."

மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் பிடித்தாள். வட்டம் முடிய இன்னொரு கை வேண்டும் என்று வாண்டு அதட்டினாள். அவன் நீட்டினான். அவன் விரல் நுனி சில்லென்றிருந்தது. குளித்து வந்த ஈரம்.

"சும்மா நிக்கக் கூடாது" என்றாள் வாண்டு. "நடுங்கணும்."